அண்ணியின் முதுகு

என் கணவரின் அக்காவை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அவர் நகரப் பேருந்து ஓட்டுகிறவர். நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள் என்பதால் எனக்கு அவர் வைத்த பெயர் ‘மாத்திரை’. கல்யாணமான புதிதில் என் தோழிகள், “நாத்தனார் எப்படிடீ? கண்ணுல விரலை விட்டு ஆட்டுறாங்களா?” என்று ஆவலாக விசாரிப்பார்கள். அவர்கள் வாயில் போட்டு மெல்ல என்னிடம் எதுவும் இருந்ததில்லை. என்னைப் படுத்த அண்ணிக்கு நேரமே கிடையாது. காலை ஷிப்ட் முடித்து வந்து, வீட்டைப் பெருக்கித் துணி துவைத்துவிட்டு, எங்கள் வீட்டுக்கு ஒரு நடை வந்து எட்டிப் பார்ப்பார். தம்பியை இரண்டு திட்டு திட்டுவார். “சரி மாத்திரை, நான் வரேன்” என்று கிளம்பிவிடுவார். உட்காரச் சொன்னால், “நாள் பூரா உட்கார்ந்துதானே இருக்கேன்” என்பார்.

அவர் உட்காராததற்கு வேறு காரணம் இருந்தது என்பது எங்களுக்குப் பல வருஷம் தெரியாது.

அண்ணி குள்ளம். ஓட்டுநர் இருக்கையை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தி, அதன்மேல் ஒரு திண்டும் போட்டுத்தான் உட்காருவார். தூரத்திலிருந்து பார்த்தால் பஸ் ஆளில்லாமல் தானாக வருவது போலிருக்கும். கிட்டே வந்த பிறகுதான் ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு நெற்றியும் இரண்டு கண்களும் தெரியும். ஆனால் குரல் பெரிசு. “உள்ளே போங்க, நடுவுல காலியாத்தான் இருக்கு” என்று அவர் ஒரு சத்தம் கொடுத்தால், கடைசி வரிசையில் தூங்குகிறவர்கூட எழுந்து இன்னும் கொஞ்சம் உள்ளே போகப் பார்ப்பார்.

அவருடைய கணவரை நான் அண்ணா என்பேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிச் சட்டத்தில் பொருத்துகிற வேலை. மயிரிழை பிசகினாலும் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டிய வேலை என்பதால், அந்த நிதானம் அவருடைய உடம்பிலேயே ஊறிவிட்டது. அவர் ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள் அண்ணி ஒரு டிரிப் அடித்துவிட்டு வந்துவிடுவார் என்பது எங்கள் வீட்டு வேடிக்கை. இரண்டு பேரும் சேர்ந்து கடைத்தெருவுக்குக் கிளம்பினால், அண்ணி முன்னால் போய்க் காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வரும்போது அண்ணா எதிரே வந்துகொண்டிருப்பார்.

வலி முதலில் சுளுக்கு என்ற பெயரில்தான் வந்தது. அப்புறம் அதற்கு வாயு என்று பெயர் மாறியது. ஒரு வருஷம் மழைமேல் பழி போட்டார். ஒரு வருஷம் செருப்புமேல். அதற்கடுத்து மெத்தை மாட்டிக்கொண்டது. பலகை மாதிரி ஒரு மெத்தை வாங்கி வந்தார்கள். அண்ணா இரண்டு ராத்திரி அதில் படுத்துப் பார்த்துவிட்டுத் தரைக்கு இறங்கிவிட்டார். தரை அதைவிட மெத்தென்று இருந்ததாம்.

நாளாக ஆக வலி முதுகோடு நிற்கவில்லை. இடுப்பிலிருந்து வலது கால் பெருவிரல்வரை யாரோ ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, அதில் மின்சாரத்தை விட்டு விட்டு எடுப்பது போலிருக்கும் என்று பின்னாளில் சொன்னார். அப்போது சொல்லவில்லை. கடைசி நிறுத்தத்தில் பயணிகள் இறங்கியதும், பஸ்ஸின் பக்கக் கண்ணாடியைத் தாங்குகிற கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்தபடி நிற்பார். யாராவது பார்த்தால் துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கிவிடுவார். டெப்போவிலேயே அண்ணியின் வண்டிக் கண்ணாடி மாதிரி பளபளப்பு வேறு எந்த வண்டிக்கும் கிடையாது.

எனக்கு விஷயம் தெரியவந்தது வேறு வழியில். எங்கள் மருந்துக் கடைக்கு ஊரின் இன்னொரு முனையில் ஒரு கிளை உண்டு. அங்கே வேலை பார்க்கிறவள் என் கல்யாணத்துக்கு வந்தவள். ஒருநாள் போனில் ஏதோ சரக்கு விசாரித்துவிட்டு, “உன் நாத்தனாரோட பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு இப்போ பரவாயில்லையா?” என்று கேட்டாள்.

“யாருக்கு?”

“அவங்க பக்கத்து வீட்ல யாருக்கோ முதுகுவலியாமே. அவங்களுக்காக உன் நாத்தனார்தான் வாராவாரம் வந்து வலி மாத்திரை வாங்குறாங்க. இப்படி விடாம சாப்பிட்டா வயிறும் கிட்னியும் என்னத்துக்கு ஆகும், டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்கன்னு நானும் தலையால அடிச்சுக்கிட்டேன்.”

அன்று மாலையே போனேன். அண்ணி சமையலறையில் நின்றபடி டீ குடித்துக்கொண்டிருந்தார். இடது காலில் மட்டும் நின்றிருந்தார். அதையும் அன்றுதான் கவனித்தேன்.

“அண்ணி, பக்கத்து வீட்டுக்காரங்களுக்கு முதுகு எப்படி இருக்கு?”

டீக் கோப்பை பாதியில் நின்றது. என்னை ஒரு பார்வை பார்த்தார். சட்டென்று சிரித்துவிட்டார்.

“அந்தப் பொண்ணு வாயில எள்ளு கூட ஊறாது போலிருக்கே.”

“நம்ம கடைக்கு வரக்கூடாதா?”

“வந்தா நீ விடுவியா? டாக்டர், ஸ்கேன்னு இழுத்துட்டுப் போவ. அவங்க ஓட்டாதேம்பாங்க. ஓட்டாம வீட்ல உட்கார்ந்து நான் என்ன பண்றது? உங்கண்ணன் டீ குடிக்கிறதை வேடிக்கை பார்க்கவா?”

கெஞ்சினேன், மிரட்டினேன். தம்பியிடம் சொல்லிவிடுவேன் என்றேன். அடுத்த லீவு நாளில் கட்டாயம் டாக்டரைப் பார்ப்பதாகத் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். என் தலையில்தான்.

லீவு நாள் வருவதற்குள் கால் முந்திக்கொண்டது. அன்று காலை வண்டியில் நல்ல கூட்டம். ஒரு நிறுத்தத்தில் பிரேக்கை மிதித்தபோது, காலடியில் பெடல் இருக்கிறதா இல்லையா என்றே அண்ணிக்குத் தெரியவில்லை. வண்டி நின்றது, ஆனால் கால் மிதித்ததை அவர் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். கைபிரேக்கை இழுத்தார். என்ஜினை அணைத்தார். எச்சரிக்கை விளக்கைப் போட்டார். கதவைத் திறந்துவிட்டு எப்போதும்போல உரக்கச் சொன்னார்:

“எல்லாரும் மன்னிக்கணும். அடுத்த வண்டி பின்னாடியே வருது, அதுல ஏறிக்குங்க. இந்த வண்டிக்கு ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு. டிரைவர்தான் பிரேக்டவுன்.”

சிலர் சிரித்தார்கள். சிலர் முணுமுணுத்துக்கொண்டே இறங்கினார்கள். ஒரு பெரியவர் மட்டும் கிட்டே வந்து, “தண்ணி வேணுமாம்மா?” என்று கேட்டார். டெப்போவிலிருந்து மாற்று ஓட்டுநர் வரும்வரை அண்ணி ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். பொறுப்பு என்று எல்லாரும் பாராட்டினார்கள். “பொறுப்பாவது ஒண்ணாவது, எழுந்திரிக்க முடியல” என்பார் அண்ணி.

மாற்றாக வந்தவர் அவருடைய பழைய சகா. ஓயாமல் ஹாரன் அடிக்கிறவர் என்பதால் அவருக்குப் பெயரே ‘ஹாரன்’. அவர்தான் அண்ணியைக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி இறக்கினார். “இவ்வளவு லேசா இருக்கீங்க, நீங்களா இத்தனை நாள் எங்களை மிரட்டினீங்க?” என்று கேட்டாராம். இறங்கும்போதும் அண்ணி, “ரெண்டாவது கியர் கொஞ்சம் இழுக்கும், பார்த்துக்கோ” என்று சொல்லிவிட்டுத்தான் ஆம்புலன்சில் ஏறினார்.

ஸ்கேன் எடுத்தார்கள். கீழ்முதுகில் ஒரு எலும்பு தன் இடத்தைவிட்டு முன்பக்கம் நழுவியிருந்தது. காலுக்குப் போகிற நரம்பு அதன் நடுவில் நசுங்கிக் கிடந்தது. அறுவை சிகிச்சை நிபுணர் படத்தை வெளிச்சத்தில் வைத்து நிதானமாக விளக்கினார். நரம்புக்கு இடம் பண்ணிக் கொடுத்து, நழுவிய எலும்பைத் திருகாணி போட்டு இறுக்க வேண்டும். இரண்டு எலும்பும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள மாதக்கணக்காகும்.

“கால்வலி பெரும்பாலும் போயிடும். கால்ல தெம்பும் திரும்பும். முதுகுவலி குறையும், ஆனா சுத்தமா போயிடும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது. ரொம்ப வருஷமா இருந்த வலி.”

எங்கள் மூன்று பேருக்கும் அவர் சொன்னது முழுவதும் காதில் விழுந்தது. அண்ணிக்கு முதல் பாதி மட்டுமே விழுந்தது. வெளியே வந்ததும், “திருகாணியைப் போட்டு முறுக்கினா முடிஞ்சு போச்சு. நம்ம டெப்போல பண்றதுதானே” என்றார்.

அறுவை சிகிச்சை நடந்த அன்று காத்திருப்பு அறையில் என் கணவர் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தார். நான் ஒரே பத்திரிகையின் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணா கொஞ்ச நேரம் கைகளை மடியில் வைத்துச் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மெல்லிய துணி ஒன்றை எடுத்துத் தன் கண்ணாடியைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். பக்கத்திலிருந்த அம்மாளின் கண்ணாடியில் கறை இருப்பதைப் பார்த்து, “கொடுங்கம்மா, துடைச்சுத் தரேன்” என்றார். அதன் கால் ஒன்று தளர்ந்திருந்தது. பையிலிருந்த பொடித் திருகுளியால் அதையும் இறுக்கிக் கொடுத்தார். அவருக்கு எதிரிலிருந்தவர் தானாகவே தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டினார். டாக்டர் வந்து, “நல்லபடியா முடிஞ்சது” என்று சொன்னபோது, அந்த அறையில் கண்ணாடி போட்ட எல்லாருக்கும் உலகம் பளிச்சென்று தெரிந்துகொண்டிருந்தது, அண்ணாவைத் தவிர. அவர் கண்கள் நிறைந்து வழிந்துகொண்டிருந்தன.

மயக்கம் தெளிந்து அண்ணி சொன்ன முதல் பேச்சு, “கால்ல அந்தக் கம்பி இல்ல.” கொஞ்சம் பொறுத்து மறுபடி, “தம்பி, கால்ல கம்பி இல்லடா.” குழறலான குரலில் அதையே சொல்லிச் சொல்லி, அப்படியே தூங்கிப்போனார்.

அடுத்த நாளே எழுப்பி நிற்க வைத்துவிட்டார்கள். அதற்கென்று வந்த பிசியோதெரபிஸ்ட் ஒல்லியான பெண். எங்கள் அண்ணியைவிட அரை அடி உயரம், குரல் மட்டும் பாதி. ஆனால் பிடித்த பிடியை விடமாட்டாள். படுக்கையிலிருந்து எழ, மரக்கட்டை உருள்வதுபோல உடம்பை ஒட்டுமொத்தமாகப் பக்கவாட்டில் உருட்டி, பிறகு கையை ஊன்றி எழ வேண்டும். குனியக் கூடாது, தூக்கக் கூடாது, இடுப்பைத் திருப்பக் கூடாது.

“அப்போ என்னதான் பண்ணலாம்?”

“நடக்கலாம்.”

அண்ணி வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடந்தார். திரும்ப வேண்டிய இடம் வந்ததும் நின்று, “ரைட்ல எடுக்கிறேன், பின்னாடி யாரும் வராதீங்க” என்று அறிவித்தார். தாதியர் சிரித்தார்கள். அறைக்குத் திரும்பி வந்து படுத்தபோதுதான் பார்த்தேன், அவர் முகம் முழுக்க வியர்வை.

வீட்டுக்கு வந்த பிறகு அண்ணா வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டுச் சமையலில் இறங்கினார். காய் நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் அச்சில் வார்த்ததுபோல இருக்கும். ஆனால் சாப்பாடு தட்டுக்கு வரும்போது மாலை ஆகியிருக்கும். “காலைச் சாப்பாடு வந்துடுச்சு, விளக்கைப் போடுங்க” என்று அண்ணி படுக்கையிலிருந்து குரல் கொடுப்பார்.

குளிக்க வைப்பது என் வேலை. முதல் நாள் ரொம்பவும் கூச்சப்பட்டார்.

“நீ கண்ணை மூடிக்கோ மாத்திரை.”

“கண்ணை மூடிட்டு எப்படி அண்ணி சோப்பு போடுறது? அப்புறம் சுவருக்குத்தான் போடுவேன்.”

“அதுவும் அழுக்காத்தான் இருக்கு. போடு.”

முக்காலியில் அவரை உட்கார வைத்துத் தோளில் வெந்நீர் ஊற்றினேன். முதுகில் தையல் இருந்த இடத்தில் தண்ணீர் புகாத ஒட்டு போட்டிருந்தார்கள். அத்தனை பெரிய வண்டியைத் திருப்பிய முதுகு இவ்வளவுதானா என்றிருந்தது எனக்கு. அவர் தன் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். “நகம் வளர்ந்து கிடக்கு பாரு. என் காலு, எனக்கு எட்டமாட்டேங்குது” என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. மறுநாள் போனபோது அண்ணா கடையிலிருந்து கொண்டுவந்த பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு, அண்ணியின் பாதத்தை மடியில் வைத்து நகம் வெட்டிக்கொண்டிருந்தார். “ஒரு விரலுக்கு ஒரு மணி நேரம். சுண்டுவிரல் வர்றதுக்குள்ள பெருவிரல்ல மறுபடி வளர்ந்துடும்” என்று அண்ணி எனக்குக் கண்ணடித்தார். ஆனால் பாதத்தை இழுத்துக்கொள்ளவில்லை.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. வாக்கர் போய்க் கைத்தடி வந்தது, தடியும் போனது. அண்ணா வேலைக்குத் திரும்பினார். அப்படி ஒருநாள் காலையில் அண்ணி கண் விழித்தபோது, முதுகில் வலி என்று சொல்லும்படி எதுவும் இல்லை. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வந்த காலை அது. அந்தச் சந்தோஷத்தில் வீட்டைப் பார்த்தார். எங்கு பார்த்தாலும் தூசி. பெருக்கினார். அலமாரியைக் காலி செய்து துடைத்தார். ஊற வைத்த துணியை அலசி, ஈரத்தோடு வாளியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குக் கொடி கட்டிய இடத்துக்கு ஏறினார். மாலையில் எனக்குப் போன் போட்டு, “மாத்திரை, நான் பழைய ஆளாயிட்டேன்” என்று சொன்னார்.

மறுநாள் அவரால் தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை.

தூக்கிக்கொண்டு ஓடினோம். படம் எடுத்துப் பார்த்ததில் திருகாணி எதுவும் அசையவில்லை என்றார்கள். தசைதான் இறுகிவிட்டது, அடங்கக் கொஞ்ச காலம் பிடிக்கும். வீட்டுக்கு வந்து படுக்க வைத்ததும் அண்ணி, “கொடியில துணி அப்படியே கிடக்கு, மடிச்சு வைக்கணும்” என்றார்.

அண்ணாவின் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்று கேட்டேன்.

“கிடக்கட்டும்! துணி கிடக்கட்டும், தூசி கிடக்கட்டும். எனக்கு ஒண்ணும் பண்ணத் தெரியலைன்னு நினைச்சுத்தானே நீயே எல்லாம் பண்ணே? தெரியலதான். கத்துக்கிறேன். அதுவரைக்கும் அழுக்காவே இருப்போம். நீ படு!”

சொல்லிவிட்டு விடுவிடுவென்று மாடிக்குப் போனார். அவர் வேகமாகப் போய் நான் பார்த்ததும் அன்றுதான். அண்ணி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். “கோபம் வந்தா நல்லாத்தான் நடக்கிறார்” என்றார் அண்ணி மெதுவாக. சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்த காலம்தான் மோசமானது. அறுவை சிகிச்சைக்கு முன்னால் வலி இருந்தது, நம்பிக்கையும் இருந்தது. இப்போது வலி மட்டும் இருந்தது. “கத்தி வச்சும் போகலைன்னா, இனி எதுக்குப் போகும்?” என்பார். பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு எண்ணெய் சொன்னார்கள். எதிர்வீட்டுக்காரர் தன் மைத்துனர் இதே ஆபரேஷனுக்குப் பிறகு ஒரே வாரத்தில் ஓடியாடியதைச் சொன்னார். அண்ணி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மரக்கட்டை மாதிரி, ஒட்டுமொத்தமாக. அந்த விதியை மட்டும் மீறவில்லை.

டாக்டரிடம் அடுத்த முறை போனபோது அண்ணி சண்டைக்குத் தயாராகவே போனார். டாக்டர் மறுக்கவில்லை. எலும்பு நன்றாக ஒட்டிக்கொண்டு வருகிறது, ஆனால் வருஷக்கணக்காக நசுங்கிக் கிடந்த நரம்பும் பயந்து இறுகிப்போன தசையும் படத்தில் தெரியாது, அவற்றுக்குத் தனியாகப் பயிற்சி வேண்டும் என்று சொல்லி, மறுபடி அந்த ஒல்லிப் பெண்ணிடமே அனுப்பினார்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “வலி அதிகமா இருக்கிற நாள்ல என்ன பண்ணுவீங்க?” என்றாள்.

“படுத்துக் கிடப்பேன்.”

“குறைவா இருக்கிற நாள்ல?”

“விட்டதையெல்லாம் சேர்த்துப் பண்ணுவேன்.”

“அங்கதான் தப்பு. வலி குறைவான நாள்லதான் நீங்க ஜாக்கிரதையா இருக்கணும். வலிச்ச பிறகு நிறுத்தாதீங்க, வலிக்கிறதுக்கு முன்னாடியே நிறுத்துங்க. மோசமான நாள்ல சுத்தமா படுத்துடாதீங்க, கொஞ்சமாவது நடங்க. ரெண்டு நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கணும்.”

அண்ணி, “அதாவது லேட்டாயிடுச்சுன்னு விரட்டி ஓட்டக்கூடாது. ஆளே இல்லைன்னாலும் ஸ்டாப்புல நிறுத்தணும்” என்றார்.

“எனக்கு பஸ்ஸைப் பத்தித் தெரியாதும்மா.”

“எனக்குத் தெரியும். சரி, நிறுத்திப் பார்க்கிறேன்.”

சொல்வது சுலபம். பாதிப் பாத்திரம் கழுவிவிட்டு மீதியைப் போட்டுவிட்டு வருவது அண்ணி மாதிரியான ஆளுக்கு எவ்வளவு கஷ்டம் என்று பக்கத்திலிருந்து பார்த்தால்தான் புரியும். தரையில் விரிப்பைப் போட்டுப் படுத்து, முழங்காலை மடக்கி இரண்டு காலையும் நாற்காலியின் மேல் வைத்துக்கொள்வார். கண் மட்டும் சமையலறையிலேயே இருக்கும். “ரெண்டே ரெண்டு தட்டு” என்பார். “ரெண்டு தட்டும் எங்கேயும் ஓடிடாது” என்பார் அண்ணா. வலி மாத்திரைகளை டாக்டர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்தோம். அது என் பொறுப்பு. “பேர்தான் மாத்திரை, கொடுக்கத்தான் மனசு வராது” என்று என்னைத் திட்டுவார். திட்டு திரும்பி வந்ததே எங்களுக்குத் தெம்பாக இருந்தது.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது கேட்பது. ஒருநாள் பயிற்சிக்குக் கிளம்பும்போது, வாசலில் செருப்பைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார். நான் சாவியைத் தேடுவதுபோல நடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில், “மாத்திரை, இந்த வாரைக் கொஞ்சம் மாட்டி விடுறியா?” என்றார். சத்தமே இல்லாமல், யாரோ கேட்டுவிடப் போகிறார்கள் என்பதுபோல. நான் உட்கார்ந்து மாட்டிவிட்டேன். அடுத்த வாரம் தம்பியிடம், “டேய், செருப்பு!” என்று சர்வ சாதாரணமாகக் காலை நீட்டினார். இதை ஆரம்பித்து வைத்ததே நீதான் என்று என் கணவர் என்னை முறைத்தார்.

தினமும் நடக்க வேண்டும் என்பது இன்னொரு உத்தரவு. வேகம் கூடாது, நிறுத்தி நிதானமாக. அண்ணா கூடவே போனார். முதல் நாள் போய்விட்டு வந்து அண்ணி என்னிடம் ஆச்சரியமாகச் சொன்னார்:

“கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் நாங்க பக்கத்துல பக்கத்துல நடந்திருக்கோம். எப்பவும் பின்னாடியே விட்டுட்டு வந்துடுவேன். இந்த மனுஷன் நடக்கும்போது பேசுவாரு, உனக்குத் தெரியுமா?”

அண்ணா பேசினார். ரொட்டிக் கடை வாசலில் படுத்திருக்கும் பூனைக்கு ஒரு கண் நீலம், ஒரு கண் பச்சை என்று காட்டினார். எந்த வீட்டு மாடியில் யார் வயலின் பழகுகிறார்கள், எந்தப் பாட்டில் எப்போதும் தடுக்கி விழுகிறார்கள் என்றெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. வருஷக்கணக்காக அண்ணி பஸ் ஓட்டிப் போன தெருதான் அது. “எனக்கு அந்தத் தெருவுல தெரிஞ்சது ரெண்டு ஸ்டாப்பும் ஒரு பள்ளமும்தான்” என்றார். வலி அதிகமான நாட்களில் தெருமுனையோடு திரும்பிவிடுவார்கள். அன்றைக்கும் போகாமல் இருந்ததில்லை.

இப்படியே மழைக்காலமும் போய், வெயிலும் வந்து போயிற்று. கால்களில் பலம் திரும்பிவிட்டது. முதுகுவலி போகவில்லை; ஆனால் அதன் கெடுபிடி குறைந்தது. “முன்னாடி அவன்தான் ஓட்டுவான், நான் பின்சீட்ல இருந்தேன். இப்போ நான் ஓட்டுறேன், அவன் பின்சீட்ல உட்கார்ந்து நச்சரிக்கிறான்” என்பார் அண்ணி. வலியை அவன் என்றுதான் சொல்வார்.

டெப்போவில் மருத்துவப் பரிசோதனை வைத்தார்கள். பாதம் பெடலை மிதிக்கிற பலம், திரும்பிப் பார்க்கிற அளவு எல்லாம் பார்த்துவிட்டு, ஓட்டலாம், ஆனால் நீண்ட தடத்தில் முழு ஷிப்ட் கூடாது என்றார்கள். ரயில் நிலையத்துக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் நடுவில் சுற்றி வருகிற சின்ன பஸ் ஒன்றைக் கொடுத்தார்கள். அண்ணிக்கு முகம் விழுந்துவிட்டது. “பொம்மை வண்டி. சாவி கொடுத்தா போகும்” என்று மூன்று நாள் முனகினார். ‘ஹாரன்’ தானாக வீடு தேடி வந்து, “அதுலயாவது நீங்க வெளியில தெரிவீங்க” என்று சொன்ன பிறகுதான் சிரித்தார், சேர்ந்தார்.

ஒருநாள் மதியம் நான் அந்த பஸ்ஸில் ஏறினேன். ஏறுகிறவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள். கட்டு, ஊன்றுகோல், கையில் எக்ஸ்ரே படங்கள். இடுப்பில் பட்டை கட்டிய ஒருவர் கம்பியைப் பிடித்து அங்குலம் அங்குலமாக இருக்கையில் இறங்கிக்கொண்டிருந்தார். பின்னால் நின்ற கார் ஒலியெழுப்பியது. அண்ணி பக்கக் கண்ணாடியில் அந்தக் காரை ஒரு பார்வை பார்த்தாரே தவிர வண்டியை எடுக்கவில்லை. “மெதுவா உட்காருங்க. நான் எடுத்தாத்தான் வண்டி கிளம்பும்” என்றார். அந்த ஆள் உட்கார்ந்து, மூச்சு விட்டு, தலையசைத்த பிறகுதான் கதவு மூடியது. ஆஸ்பத்திரி வாசலில் எல்லாரும் இறங்கியதும் அண்ணியும் இறங்கினார். பக்கக் கண்ணாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பயிற்சி செய்தார், ஒளிக்காமல், நடுத்தெருவில், எல்லாரும் பார்க்க.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் சாப்பாடு என்று சொல்லியிருந்தோம். காலையில் அண்ணி போன் பண்ணினார்.

“மாத்திரை, இன்னைக்கு நான் வரல. அவன் ராத்திரியிலிருந்து குதிச்சிட்டு இருக்கான்.”

முன்பெல்லாம் இப்படிச் சொல்கிற ஆள் இல்லை அவர். பல்லைக் கடித்துக்கொண்டு வந்து நின்றுவிட்டுப் போவார். நான் சமைத்ததைப் பாத்திரத்தோடு தூக்கிக்கொண்டேன். என் கணவர் ரொட்டியை எடுத்துக்கொண்டார். போனால், கூடத்து நடுவில் அண்ணி தரையில் படுத்துக் காலை நாற்காலி மேல் போட்டிருந்தார். அண்ணா ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தார். சட்டைகள் ஒவ்வொன்றும் அளவெடுத்ததுபோல மடிந்திருந்தன. மேஜையில் சாப்பிட்டால் அண்ணி கீழே தனியாகக் கிடப்பார் என்று நாங்களும் தரையிலேயே வட்டமாக உட்கார்ந்தோம்.

“வலி எப்படி இருக்கு அண்ணி?”

“இருக்கு. நீங்கள்லாம் வந்துட்டீங்களா, அதான் கொஞ்சம் அடங்கி உட்கார்ந்திருக்கான்.” தலையைத் திருப்பாமல் கையை மட்டும் நீட்டினார். “அந்தக் கிண்ணத்தை இப்படி நகர்த்து. டேய் தம்பி, முழங்கையை எடு, என் முகத்துல இடிக்கிற. என்னங்க, துணி எங்கேயும் ஓடிடாது, வந்து உட்காருங்க.”

அண்ணா கையிலிருந்த சட்டையின் காலரை நீவி, ஓரங்களைச் சேர்த்து, மடித்து, அடுக்கின்மேல் வைத்தார். அது நேராக இருக்கிறதா என்று ஒருமுறை குனிந்து பார்த்தார். அவர் வந்து உட்காரும்வரை நாங்கள் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தோம்.